கல்லூரி முதலாண்டில் வானியலும் உயிரியலும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி இளைஞர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பொதுவாகப் பேசிவிட்டு அமர்வது எளிது. கல்வி வேண்டும் என்பதை இந்த அரங்கில் யாருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் வீடு வீடாகச் சென்று சொல்லி வந்தது அதுவே. எந்தக் கல்வி, அதனை எவ்வாறு கற்பது என்பதே இனி நம்முன் நிற்கும் வினா. அவ்வினாவின் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கின்றோம். கல்லூரியில் அறிமுக நிலையில் கற்பிக்கப்படும் அறிவியல் பாடங்களுள் வானியல், உயிரியல் என்னும் இரண்டும், பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளாகிய நமக்கு என்ன தருகின்றன என்பதே அது.

இவ்விரண்டை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் இன்ன தெருவில்தான் குடியிருக்க வேண்டும், இன்ன தொழிலைத்தான் செய்ய வேண்டும் என்று விதித்தவர்கள், அவ்விதிக்கு இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு சாட்சி வானம், மற்றொன்று உடம்பு. பிறந்த வேளையும் கோள்களின் நிலையும் முன்வினையின் பயனைக் காட்டுகின்றன என்றார்கள். குருதியிலேயே தூய்மையும் தீட்டும் உண்டு என்றார்கள். வானத்தை அளப்பது வானியல். உடம்பை ஆராய்வது உயிரியல். ஆகவே இப்பாடங்களின் முதல் வகுப்பு, நமக்கு எதிராக நிறுத்தப்பட்ட சாட்சிகளை நாமே குறுக்கு விசாரணை செய்யக் கிடைத்த வாய்ப்பாகும். பிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை மதிப்பெண் பெறுவதற்கான பாடங்கள் மட்டுமாக இருக்கலாம்.

நம் வீடுகளில் இப்பாடங்களுக்கு மதிப்புக் குறைவு என்பதும் நாம் அறிந்ததே. பொறியியல் கிடைக்கவில்லை, மருத்துவம் கிடைக்கவில்லை, விலங்கியலில் இடம் இருந்தது, சேர்ந்துவிட்டோம் என்று கூறும் பிள்ளைகளே மிகுதி. பெற்றோர் வேலையைக் கேட்பதைக் குறை கூறுவதற்கில்லை. பசித்த வீட்டில் அதுவே முதற் கேள்வி. ஆயினும் சேர்ந்த பாடத்தை வேண்டாத விருந்தாளியைப் போல மூன்றாண்டு நடத்துவது நமக்கே இழப்பு.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. வரலாறு படிக்க வந்தவரும் பொருளியல் படிக்க வந்தவரும் பட்டம் பெறுமுன் ஏதேனும் ஓர் அறிவியலின் அறிமுகப் பாடத்தைப் பயில வேண்டும். வானியலும் உயிரியலும் அவ்வாறு பலரும் விரும்பி எடுக்கும் பாடங்கள். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இதற்கும் ஒருபடி மேலே சென்றனர். அதன் இளநிலைக் கல்லூரியில் 2004ஆம் ஆண்டில் ‘அறிவியலின் எல்லைகள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பாடம், முதலாண்டு மாணவர் அனைவருக்கும் உரிய பொதுப் பாடத்திட்டத்திற் சேர்க்கப்பட்டது. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர்கள் டேவிட் ஹெல்ஃபண்ட் என்னும் வானியலறிஞரும் டார்சி கெல்லி என்னும் உயிரியலறிஞரும் ஆவர். செய்திகளை மனனம் செய்விப்பது அதன் நோக்கமன்று. தோராயமாகக் கணக்கிடுதல், வரைபடத்தை வாசித்தல், நிகழ்தகவை அறிதல், ஒரு கூற்றுக்குச் சான்று என்ன என்று கேட்டல் ஆகிய பழக்கங்களை ஊட்டுவதே நோக்கம். இப்பழக்கங்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வானியலைப் பார்ப்போம்.

நம் மாநிலக் கல்லூரிகளில் வானியல் பெரும்பாலும் கணிதப் பட்ட வகுப்பின் ஒரு தாளாகவே இருந்துவந்துள்ளது. வான்கோளம், அடிவானம், உச்சிப்புள்ளி, கதிரவன் செல்லும் பாதை, கோள முக்கோணங்களின் சூத்திரங்கள் என்று பாடம் செல்லும். சூத்திரங்களை ஒப்புவித்து நூற்றுக்கு எண்பது வாங்கிய மாணவர், துருவ மீன் எங்குள்ளது என்று கேட்டால் தெற்கு நோக்கிக் கைகாட்டுவதுண்டு. இது மாணவரின் குற்றமன்று; மொட்டைமாடிக்கு ஏறாமலேயே முடிந்துபோகும் வானியலின் குற்றம். துருவ மீன் அடிவானத்திற்கு மேலே எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றதோ, அதுவே ஏறத்தாழ நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கு. சென்னையில் அது 13 பாகை. குமரிமுனையில் 8 பாகை. கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. முட்டியும் ஓரிரு விரலும் போதும். இப்புவியுருண்டையில் நாம் நிற்கும் இடத்தை நாமே அளந்து சொல்லிவிடலாம்.

தொலைவுகளையும் அவ்வாறே தோராயமாகக் கணக்கிட்டுப் பழக வேண்டும். கதிரவன் நம்மிடமிருந்து 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் பேருந்து நிற்காமல் ஓடினால் 25 லட்சம் மணி நேரம், அதாவது ஏறத்தாழ 285 ஆண்டு ஆகும். ஒளியோ எட்டே கால் நிமிடத்தில் வந்துவிடுகின்றது. கதிரவனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனிலிருந்து அதே ஒளி வந்துசேர 4 ஆண்டுக்கு மேல் ஆகும். நம் பேருந்துக்கு ஏழரைக் கோடி ஆண்டு வேண்டும். இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு மீன், ஒரு குடிசையில் பிறந்த குழந்தையின் தொழிலைத் தீர்மானிக்கின்றது என்போரிடம், எந்த விசையால், எவ்வளவு அளவில் என்று கேட்பதற்கு இக்கணக்கே நமக்கு உரிமை தருகின்றது.

பஞ்சாங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய சூரிய சித்தாந்தம் கொண்ட ஆண்டின் அளவு, பருவங்கள் திரும்பி வரும் உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் மிகுதி. ஆண்டுக்கு 24 நிமிடமானால் 60 ஆண்டுக்கு 1440 நிமிடம். அது சரியாக ஒரு நாள். பிரபவ முதல் அட்சய வரை நம் பாட்டனார் எண்ணிய ஒரு சுற்று முடியும்போது பஞ்சாங்கம் பருவத்தினின்று ஒரு நாள் விலகிவிடுகின்றது. கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணப் புண்ணிய காலம் என்று பஞ்சாங்கம் குறிப்பதோ தை முதல் நாள். இடையிலுள்ள இருபத்துமூன்று, இருபத்துநான்கு நாள்கள், ஏறத்தாழ 1400 ஆண்டுகளாகச் சேர்ந்த பிழை. பொங்கல் உழுதவர்களின் திருநாள். எந்நாளில் பொங்கினும் அதன் இனிமை குறையாது. ஆனால் நொடிப் பிசகாமல் நல்ல நேரம் குறித்துத் தருவதாகக் கூறுவோர், இருபத்துமூன்று நாள் பிசகியதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

நம் நாட்டில் வானறிவே இருந்ததில்லை என்று நாம் கூறவில்லை. ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே புவி தன்னைத்தானே சுற்றுவதையும் கிரகணம் நிழலால் உண்டாவதையும் எழுதிவைத்தார். நிழல் என்னும் உண்மை சிலர் கையில் ஏட்டில் இருக்க, பாம்பு விழுங்குகின்றது என்னும் கதை மட்டும் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது. அறிவு இல்லாமையைவிட, இருந்த அறிவைப் பங்கிட மறுத்ததே பெருங்கொடுமை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாக வளையக் கிரகணம் சென்றபோதும் கதவடைத்து உள்ளே இருந்தோர் பலர். 2031 மே 21 அன்று தென்தமிழகத்தின் சில பகுதிகளில் மீண்டும் ஒரு வளையக் கிரகணம் தோன்றும். இப்போது முதலாண்டில் சேர்பவர்கள் அதற்குள் ஆசிரியர்களாகியிருப்பார்கள்.

இப்பஞ்சாங்கப் பிழையை ஆராய 1952இல் இந்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மேக்நாத் சாகா. அவரைப் பற்றி நம் இளைஞர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 1893இல் டாக்காவை அடுத்த சிற்றூரில், சாதி அடுக்கில் தாழ்ந்ததாக வைக்கப்பட்ட ஒரு சிறுகடைக்காரர் குடும்பத்தில் அவர் பிறந்தார். கல்கத்தாவில் கல்லூரி மாணவராக இருந்தபோது, விடுதியில் மேற்சாதி மாணவர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். அவ்விடுதியில் தனித்து உண்ட மாணவர்தாம், 1920இல், வெப்பநிலையும் அழுத்தமும் மாறும்போது விண்மீன்களின் அணுக்கள் எவ்வாறு மின்மமடைகின்றன என்பதற்கான சமன்பாட்டை வெளியிட்டார். அதற்குமுன் விண்மீன்களின் நிறமாலையில் தெரியும் கோடுகளை வகைபிரித்து வைத்திருந்தார்களேயன்றி, அக்கோடுகள் கூறும் பொருளை முழுதும் அறிந்தாரில்லை. 1925இல் செசிலியா பெயின் என்னும் இளம் பெண்மணி, சாகாவின் சமன்பாட்டைக் கொண்டே விண்மீன்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று காட்டினார். பந்தியில் இடம் மறுக்கப்பட்ட ஒருவரின் கணக்கு, உலகெங்கும் வானியல் அறிமுகப் பாடத்தில் இடம்பெற்றிருக்கின்றது. சாகா 1952இல் நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1956இல் மறைந்தார். அவர் குழுவின் பரிந்துரைப்படி அமைந்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அந்த நாளும் அச்சாகின்றது. நம் வீட்டுச் சுவரில் தொங்குவது என்னவோ பழைய இராகு காலந்தான்.

இனி உயிரியலுக்கு வருவோம். நமக்கு நேரான வழக்கு இங்கேதான் உள்ளது.

முதலாண்டு உயிரியலில் குருதியைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அதிலிருந்து ஒரு தோராயக் கணக்கைச் செய்வோம். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடலில் 5 லிட்டர் குருதி என்று கொண்டால், அது 50 லட்சம் கன மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 25 லட்சம் கோடிச் சிவப்பணுக்கள். ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். அப்படியானால் நொடிக்கு 24 லட்சம் அணுக்கள் அழிந்து, அத்தனையே புதிதாய் எலும்பு மச்சையில் பிறக்கின்றன. நாம் இவ்வரங்கிற்கு வந்து அமர்ந்த பின்னர் பிறந்தவையே பல நூறு கோடி.

இதிலிருந்து விளைவது என்ன? பிறந்தபோது உடலில் ஓடிய சிவப்பணு ஒன்றுகூட இன்று யாருடைய உடலிலும் இல்லை. இன்று ஓடுவது சென்ற நான்கு திங்களில் உண்ட சோற்றாலும் கீரையாலும் பருப்பாலும் ஆனது. மேலும், முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. மரபைத் தாங்கும் பொருள் உட்கருவில் உள்ளது. எந்தச் சிவப்பு நிறத்தைக் காட்டிக் குலப்பெருமை பேசினார்களோ, அந்தச் சிவப்பில் மரபே இல்லை. அந்நிறம் இரும்பால் வருவது. உடலிலுள்ள இரும்பு மொத்தம் மூன்று, நான்கு கிராம். ஒரு சிறு ஆணிக்குப் போதும். அந்த இரும்பு விண்மீன்களின் உள்ளும் அவை வெடிக்கும்போதும் உருவானது என்பது 1957இல் பர்பிட்ஜ் இணையர், ஃபவுலர், ஹாயில் ஆகிய நால்வர் எழுதிய கட்டுரைக்குப் பின் வானியலில் நிலைபெற்ற செய்தி. வானியலும் உயிரியலும் வெவ்வேறு கட்டடங்களில் நடத்தப்பட்டாலும், பாடம் ஒன்றே.

குருதி வகைகளை 1901இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தார். மருத்துவமனையில் குருதி ஏற்றுமுன் அவ்வகையைப் பார்க்கின்றனர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருள் ஒருவர் குருதி மற்றவருக்குச் சேராமற் போகலாம். ஊரின் மறுகோடியில் வாழும் அயலார் குருதி சேரலாம். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட மிக அரிய வகை ஒன்று உண்டு. அவ்வகையார்க்கு ஓ வகைக் குருதியும் பொருந்தாது, தம் வகையாரைத் தேடித்தான் பெற வேண்டும். அவர் அப்போது சாதி கேட்பதில்லை.

மரபணு ஆராய்ச்சி சொல்வதையும் கேளுங்கள். 1972இல் லெவண்டின் என்னும் அறிஞர், மனிதர்க்கிடையே காணும் மரபு வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கு ஒவ்வொரு மக்கள் கூட்டத்தின் உள்ளேயே இருக்கின்றது என்று கணக்கிட்டார். 2003இல் மனித மரபுத்தொகுதி முழுமையாகப் படித்து முடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒரு பங்கே வேறுபாடு.

இந்தியாவைப் பற்றிய செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. 1916 மே 9 அன்று, கொலம்பியாவில் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில், அண்ணல் அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. நம் அரங்கில் அமர்ந்திருக்கும் பலரின் வயது. இந்திய மக்கள் யாவரும் கலந்தவர்களே என்பதும், கலந்திருந்த மக்களிடையே அகமணம் என்னும் வேலியை எழுப்பியதே சாதியின் பிறப்பு என்பதும் அவர் கருத்து. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2013இல், ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும் ஹார்வர்டு ஆய்வாளரும் சேர்ந்து, இந்தியாவின் பல மக்கட் பிரிவினரின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு என்ன? சுமார் 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்திற்கு இடையில் மக்கள் பரவலாகக் கலந்தனர். அதன் பின்னரே கலப்பு நின்று அகமணம் இறுகிற்று. ஏடுகளையும் வழக்கங்களையும் கொண்டு அண்ணல் எட்டிய முடிவுக்கு, உயிரணுவே சான்று கூறியது. 1948இல் தீண்டாதார் பற்றி எழுதிய நூலிலும் அவர், அக்காலத்து மானுடவியலார் திரட்டிய மூக்களவுக் கணக்குகளை எடுத்துவைத்து, ஒரே வட்டாரத்தில் வாழும் பார்ப்பனரும் தீண்டாதாரும் வேறு இனத்தவர் என்பதற்கு அவ்வளவுகளிலேயே ஆதாரம் இல்லை என்று காட்டினார். மூக்கை அளந்து இனம் பிரிக்கும் முறை பின்னர் அறிவியலால் கைவிடப்பட்டுவிட்டது. எதிராளி நம்பும் அளவுகளையே கேட்டு வாங்கிச் சோதித்தாரே, அந்தப் பழக்கம் கைவிடத்தக்கதன்று.

தங்கையர்க்கு ஒன்று. தீட்டு என்னும் சொல்லால் நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்களை நாம் கண்டிக்கின்றோம். அதே சொல்லால் மாதம் மூன்று நாள் பெண்களைத் தனியே அமர்த்தும் வழக்கம் நம் வீடுகளிலும் உள்ளது. கரு தங்குவதற்காகத் திரண்ட கருப்பையின் உட்படலம், கரு தங்காதபோது கழிகின்றது என்று முதலாண்டு உயிரியல் பாடம் கூறுகின்றது. அப்பாடத்தைப் படித்துவிட்டு வீடு திரும்பும் அண்ணன் தம்பியரும், அதனை வீட்டில் எடுத்துச் சொல்லும் துணிவு பெற வேண்டும்.

உடற்கூறு பற்றிய ஒரு வரலாற்றையும் நினைவூட்டுவோம். கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியபோது, பிணத்தைத் தொடுவது தீட்டு என்று உயர்சாதி மாணவர் தயங்கினர். 1836இல் மதுசூதன் குப்தர் துணிந்து கத்தியெடுத்தார். அதனைக் கொண்டாடக் கோட்டையில் பீரங்கி முழங்கிற்று என்றும் கூறுவர். அவர் துணிவு போற்றத்தக்கதே. ஆனால் செத்த மாட்டின் தோலை ஒரு கீறல் விழாமல் உரிக்கவும், எந்த மூட்டில் எந்த நரம்பு ஓடுகின்றது, இரைப்பையின் அறைகள் எத்தனை என்று கைத்தடவலிலேயே சொல்லவும் வல்லவர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இந்நாட்டில் இருந்தனர். அவர்களுக்காக எந்தப் பீரங்கியும் முழங்கவில்லை. அவ்வறிவே அவர்கள் மீது இழிவாகச் சுமத்தப்பட்டது. அதே அறிவு விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் செய்முறைத் தேர்வென மதிப்பெண் பெற்றது. அத்தொழிலையே நம் பிள்ளைகள் தொடர வேண்டும் என்று கூறுவதாக யாரும் கொள்ள வேண்டா. அதிலிருந்து வெளியேறத்தான் இக்கழகம் தோன்றியது. வெளியேறும்போது அறிவையும் அங்கேயே போட்டுவிட்டு வரவேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

தாவரவியலும் அப்படியே. தோல் பதனிட ஆவாரம் பட்டையை ஊறவைத்தார்கள். அப்பட்டையிலுள்ள டேனின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமற் காக்கின்றது. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய சிந்தனையாளர் மட்டுமல்லர். மூலிகையறிந்த சித்த மருத்துவரும் ஆவார். நாற்று நடும் கைகளுக்கு நெல்லின் தூரும் கணுவும் பூவும் தெரியும். புத்தகத்தின் பெயர்கள் மட்டுமே புதியவை.

அப்பெயர்கள்தாம் பிள்ளைகளை அச்சுறுத்துகின்றன. தமிழ்வழியில் பள்ளி முடித்துவந்த பிள்ளை, முதல் வாரத்திலேயே ஆங்கிலமும் இலத்தீனும் கலந்த சொற்களைக் கேட்டு, இது நமக்கானதன்று என்று எண்ணிவிடுகின்றது. உதவித்தொகை காலத்தில் வராத ஆண்டுகளில் அவ்வெண்ணத்தோடு பணமுடையும் சேர்ந்துகொள்கின்றது. இவ்வாறு முதற் பருவத்திலேயே படிப்பை விட்டவர்கள் நம் தெருக்களில் உள்ளனர். அவர்களை இழந்தது அறிவுக் குறைவாலன்று. ஆவாரையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னா ஆரிகுலேட்டா என்பார்கள். ஆரிகுலா என்றால் சிறு காது. ஆவாரையின் இலைக்காம்படியில் காதுமடல் போன்ற இலையடிச் செதில் இருப்பதைச் செடியைப் பறித்த எவரும் கண்டிருப்பர். அதைப் பார்த்தே பெயரிட்டார்கள். இதயத்தின் மேலறையை ஆரிக்கிள் என்பதும் அதே காதுதான். இப்படி ஒரு சொல்லைப் பிரித்துக் காட்ட ஒருவர் அருகில் இருந்தால், ஐம்பது சொற்களை அப்பிள்ளை தானே பிரித்துக்கொள்ளும். எழுபதுகளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி அறிவியல் நூல்கள் பலவற்றைத் தமிழில் வெளியிட்டது. அவற்றில் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. சில பகுதிகள் பழையனவாகியிருக்கும். ஆயினும் அடிப்படையைத் தமிழில் தெளிந்துகொண்டு, பிறகு ஆங்கில நூலைத் திறந்தால் அச்சம் பாதி நீங்கும். தமிழோடு நின்றுவிடலாம் என்று நாம் கூறமாட்டோம். ஆங்கிலமும் வேண்டும், அதற்கு ஏறிச்செல்லப் படி வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதையும் மறைக்காமல் பேசுவோம். நுண்ணோக்கி ஒன்றுக்கு ஐந்தாறு மாணவர் நிற்பர். வெங்காயத் தோலை உரித்துச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்திருப்பார்கள். முதலில் கண் வைப்பவர், கருவிகளோடு வளர்ந்த வீட்டுப் பிள்ளை. திருகைத் திருப்பித் தெளிவுபடுத்தவும் அவருக்குத் தெரியும். கடைசியில் நிற்பவர் யார் என்பதை நாம் பல ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கின்றோம். மணி அடிக்கும் வேளையில் அவருடைய முறை வரும். குனிந்து பார்ப்பார்; வெறும் வெளிச்சம் தெரியும்; தெரிந்தது போலத் தலையசைத்துவிட்டு, பக்கத்து மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் படம் வரைவார். அந்தப் படத்துக்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். உயிரணுவைக் காணாமலேயே உயிரியல் பட்டம் பெற்றுவிடலாம். யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் அவர் பார்க்கவில்லை. பழைய தடை பலகையாக நின்றது. இத்தடை நம் கூச்சத்திலேயே வந்து அமர்ந்திருக்கின்றது. எனக்கு இன்னும் தெரியவில்லை, மீண்டும் காட்டுங்கள் என்று உரக்கக் கேட்க வேண்டும். கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவ்வேளையில் நீங்கள் திருகைப் பிடித்திருப்பீர்கள்.

ஆசிரியப் பெருமக்களும் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். வரிசையை வாரந்தோறும் மாற்றுவதற்குப் பணமோ அரசாணையோ தேவையில்லை.

சவ்வாது மலையில், திருப்பத்தூரை அடுத்த காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. வைணு பாப்பு பெயரைத் தாங்கியது. கோடைக்கானலில் 1899 முதல் கதிரவ ஆய்வகம் உள்ளது. இவை நம் மண்ணில், நம் ஊர்களுக்குப் பேருந்துத் தொலைவில் உள்ளவை. கழகம் திருத்தலச் சுற்றுலாவுக்கு வண்டி அமர்த்துகின்றது. அடுத்த முறை ஒரு வண்டியைக் காவலூர்ப் பக்கம் திருப்புமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. கதிரவன் ஆண்டில் இருமுறை நம் தலைக்கு நேர்மேலே வந்து, நட்ட கோலின் நிழல் அடியிலேயே மறையும். குமரிமுனையில் அது ஏப்ரல் 10ஐ ஒட்டி நிகழும். வடக்கே செல்லச் செல்ல நாள் தள்ளும். சென்னையிலும் நம் சுற்றுப்புறத்திலும் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நிகழும். வரும் ஏப்ரலில் அந்நாளும் அதற்கு முன்னும் பின்னுமான நாள்களும் கழகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நிழலை அளக்கவிருக்கின்றோம். நேரான கோல் ஒன்றும், நூலில் கட்டிய கல் ஒன்றும், அளவுகோலும், சரியான கடிகாரமும் கொண்டு வாருங்கள். நிழல் மறைவது பன்னிரண்டு மணிக்கன்று, ஏறத்தாழ 12 மணி 7 நிமிடத்துக்கு. அந்த ஏழு நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதை முதலாண்டு மாணவர்கள் கணக்கிட்டுக்கொண்டு வரவேண்டும். பதினொரு மணிக்கே வந்துவிடுங்கள். நிழல் குறையத் தொடங்குவதிலிருந்தே குறிக்க வேண்டும்.